சாம்பலுக்குக் காம்பு கிடையாது

முதன்முதலில் அதைப் பார்த்தபோது ஊதிப் பார்த்தேன். பறந்தது. "சாம்பல்தானுங்க்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டேன். அந்த ஓர் ஊதலை நினைத்தால் இன்றைக்கும் வாய் கூசுகிறது.

எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி அது. சேலத்தில் தாவரவியல் படித்து முடித்து, வேலை கிடைக்காமல், ஏற்காட்டு மலையில் தலைச்சோலைப் பக்கம் அப்பா கணக்கெழுதும் ரைட்டராக இருந்த எஸ்டேட் குடியிருப்பில் வந்து உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது பேச்சுக்கு. ஒரு நாளும் உட்காரவில்லை. கண்ணில் பட்ட செடிக்கெல்லாம் லத்தீன் பெயர் சொல்லிக்கொண்டு மலைச்சரிவெல்லாம் அலைந்தேன். "அந்தப் பேரைச் சொன்னாக் கொழம்புல உப்பு ஏறுமா?" என்று அம்மா கேட்பார். ஏறாது. ஆனால் யாருக்காவது எதையாவது கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பறப்பு.

அந்தப் பறப்பு போய் இறங்கிய இடம் அக்காவின் நிலம். அக்கா என்றால் உறவில்லை. எங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க வருபவர். மலையிலேயே தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்க்கும் குடும்பம். கணவர் காய்ச்சலில் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. வீட்டுக்குக் கீழே, ஊற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்காலை ஒட்டி, ஒரு துண்டு நிலத்தில் ராகியும் அவரையும் போட்டு வந்தார். நிலம் கணவருடைய அண்ணன் பேரில் இருந்தது. அந்தத் துண்டுக்கு மேலேயும் கீழேயும் அந்த அண்ணனுடைய காப்பித் தோட்டம்.

புரட்டாசியில் ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போதே அவர் வந்து வாசலில் நின்றுகொண்டு சொன்னார்:

"இத பாரம்மா. ரெண்டு பக்கமும் காப்பி நிக்கிது, நடுவுல இந்தத் துண்டு பல்லு விழுந்தாப்பல கெடக்குது. ராயியும் அவரையும் எங்க வேணாப் போட்டுக்கலாம். தை முடியற வரைக்கும் பாக்கறேன். இந்த மண்ணுல நிக்கற மாதிரி ஒரு நல்ல வெள்ளாமையக் காட்டு, உனக்குன்னே விட்டர்றேன். இல்லீன்னா காப்பிக்குக் குழி எடுத்துருவேன். அப்பறம் உக்காந்து அழுவக் கூடாது."

"அழுவறதுக்கு என்னுங்க மாமா இருக்குது" என்றார் அக்கா, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் போனதும் நான்தான் குதித்தேன். "அக்கா, ஸ்ட்ராபெரி போடலாமுங்க்கா!"

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

எங்கள் எஸ்டேட் பங்களாத் தோட்டத்தில் ரோஜாப் பாத்திகளுக்கு ஓரமாக ஸ்ட்ராபெரி படர்ந்திருந்தது. ஆவணி மழை ஓய்ந்ததும் தோட்டக்காரர் அதன் ஓடுகொடிகளை வெட்டிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டு, வேர்விட்ட கன்றுகளாகப் பார்த்துக் கூடை கூடையாக அள்ளி வந்தேன். நானும் அக்காவும் நட்டோம். நெருக்கி நட்டோம். இடம் வீணாகக் கூடாது என்று நான்தான் சொன்னேன்.

செடிகள் வேர் பிடித்தன. வெள்ளை வெள்ளையாகப் பூத்தன. முதல் பழம் சிவந்ததும் அக்கா அதைக் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"புளிச்சுக் கெடக்குது கண்ணு. இதையா சனங்க ஏரியப் பாக்க வந்து வாங்கித் திங்குது?"

"நல்லாப் பழுத்தா இனிக்குமுங்க்கா."

"இனிக்கலீன்னாலும் பரவால்ல, செவப்பு அழகா இருக்குது. கம்மலாப் போட்டுக்கலாம்."

ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் பேசிவைத்தேன். பொங்கல் விடுமுறைக்குக் கூட்டம் வரும், பழம் கொண்டு வாருங்கள் என்றார்கள். அக்காவின் கணவருடைய அண்ணன்கூட ஒரு சாயங்காலம் பாத்தி ஓரம் குனிந்து, காய்களை விரலால் நிமிர்த்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். அவர் பேசாமல் போனால் நல்லது என்று அக்கா சொன்னார்.

பகலெல்லாம் அக்காவுக்கு எஸ்டேட்டில் பறிப்பு. பொழுது சாயும்போது வந்து, குடத்தில் மொண்டு, கையால் சிதறவிட்டுச் செடிமேலேயே தண்ணீர் தெளிப்பார். காலையில் புறப்படும் முன் அடுப்புச் சாம்பலைச் சலித்து, பழந்துணியில் முடிந்து, செடி செடியாகத் தட்டிக்கொண்டு போவார். பூச்சி அண்டாது. அங்கே அவரைக்கும் கத்தரிக்கும் எல்லோரும் செய்வதுதான். சாம்பல் படிந்த இலைகளைப் பார்த்து எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

மார்கழிப் பாதியில் மஞ்சு இறங்கியது. எங்களூரில் பனிமூட்டத்தை மஞ்சு என்போம். வழக்கமாகக் காலையில் வந்து பத்து மணிக்கு விலகிவிடும். அந்த வருடம் விலகவில்லை. கூடவே நூல் நூலாகத் தூறல். துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாது. ஜீப்புகள் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு போயின.

அப்போதுதான் ஒரு பழத்தின் தோளில் சாம்பல் நிறத்தில் லேசாக ஒரு பூச்சு. அக்கா காட்டினார். நான் குனிந்து ஊதினேன். புகை மாதிரி எழும்பிப் பக்கத்துச் செடிகள் மேல் போய்ப் படிந்தது. சாம்பல் பறக்கும். இதுவும் பறந்தது. அதனால் இது சாம்பல். தர்க்கம் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"பாப்பா பாத்துருச்சு, நம்ம அடுப்புச் சாம்பல்தானாம்" என்று அக்கா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. பெருமையாக இருந்தது.

லாட்ஜுக்குப் போகிற பழம் அழுக்காக இருக்கக் கூடாதே. அடுத்த நான்கு நாட்களும் அக்கா முந்தானையால் பழங்களைத் துடைத்தார். ஒன்றைத் துடைத்து, அதே துணியால் அடுத்ததை, அதே துணியால் அதற்கடுத்ததை. நானும் ஒரு கைக்குட்டையோடு எதிர்ப் பாத்தியில் துடைத்தேன். துடைத்த இடத்தில் பழம் வெளிறி, மெத்தென்று, விரல் பட்டால் குழிகிற மாதிரி இருந்தது. அழுத்தித் துடைத்துவிட்டோம் என்று நினைத்தோம்.

அண்ணன்காரர் வந்தார். பாத்தியைப் பார்த்தார். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, வேடிக்கை.

"என்னம்மா, உம் பழமெல்லாம் திருநீறு பூசிக்கிட்டு நிக்கிது? பழனிக்குக் கெளம்பிருச்சா?"

பாத்தியில் இருந்த எனக்குச் சுரீரென்றது. அக்கா சிரித்தார். "காவடிதானுங்க மாமா பாக்கி."

அவர் போன பிறகு சிரிப்பு நின்றது. "கண்ணு, நேத்து நான் சாம்பலே போடலியே. இன்னிக்கும் போடல. அப்பறம் எங்கிருந்து வருது?"

இங்கேயாவது நான் நிதானித்திருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. பதில் தெரிந்துவிட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. வீட்டுக்கு ஓடி, விவசாயத் துண்டுப் பிரசுரங்களை அடுக்கி வைத்திருந்த பெட்டியைக் கவிழ்த்தேன். இருந்தது. சாம்பல் நோய். பெயரே சொல்கிறதே! நனையும் கந்தகத் தூளைத் தண்ணீரில் கலந்து தெளிக்கவும் என்று போட்டிருந்தது. அது வெள்ளரிக்கும் ரோஜா இலைக்கும் வருகிற நோய் என்பதும், இலைமேல் வெள்ளைப் பவுடராக அப்பிக் கிடக்குமே தவிரப் பழத்தைக் குழைக்காது என்பதும் அதே பக்கத்தில் நான்கு வரி கீழே இருந்தது. அந்த நான்கு வரியைப் பிறகுதான் படித்தேன்.

"அக்கா, சாம்பல் இல்லீங்க்கா, சாம்பல் நோய்!"

"நோயா?" அவர் முகம் மாறியது.

"மருந்து இருக்குதுங்க்கா. கவலையே வேண்டாம்."

கடைவீதியில் கந்தகத் தூள் வாங்கினேன். எஸ்டேட் ஸ்டோரிலிருந்து கைத்தெளிப்பான் ஒன்றை அப்பாவிடம் கெஞ்சி எடுத்து வந்தேன். அக்கா வேலை முடிந்து வரும் பொழுதுதான் தெளிக்க முடியும், அதனால் மூன்று சாயங்காலங்கள், மஞ்சுக்குள், இலையின் அடியும் முடியும் சொட்டச் சொட்டத் தெளித்தோம். அவர் இலையை விலக்கிப் பிடிப்பார், நான் அடிப்பேன். ஏற்கெனவே நனைந்து கிடந்த செடிகளை இன்னும் நனைத்தேன். நோயைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

நான்காம் நாள் காலை போய்ப் பார்த்தால் பூச்சு ரோமமாகியிருந்தது. எலிக்குட்டியின் முதுகு மாதிரி. ஒரு பழம் முழுக்க மூடி, அதைத் தொட்டுக்கொண்டிருந்த அடுத்த பழத்தின் கன்னத்திலும் ஏறியிருந்தது. மருந்து போட்ட பிறகு கூடியிருக்கிறது.

கல்லூரியில் வாங்கிய ஒரு கைலென்ஸ் என்னிடம் இருந்தது. அத்தனை நாளும் அது பையிலேயே இருந்தது. சாம்பலை யாராவது லென்ஸ் வைத்துப் பார்ப்பார்களா? அன்றைக்கு எடுத்தேன். ஒரு பழத்தைக் காம்போடு கிள்ளி, மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

காடு. மெல்லிய, பழுப்பும் சாம்பலும் கலந்த காம்புகள் நெட்டுக்குத்தாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் மங்கலாக ஒரு குலை, திராட்சைக் குலை மாதிரி. இரண்டாம் வருடப் பாடப்புத்தகத்தில் இதே படத்தைப் பென்சிலால் வரைந்து, அம்புக்குறி போட்டு, மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். குலை குலையாகப் பூஞ்சை வித்துகள். காற்றுப் பட்டால் பறக்கும், ஈரமான இடத்தில் இறங்கினால் முளைக்கும். ஊதிப் பார்த்த என் வாய்க்காற்று போதும் அதற்கு.

சாம்பலுக்குக் காம்பு கிடையாது. அவ்வளவு எளிதான விஷயம்.

தெரிந்த பிறகு எல்லாம் தெரிந்தது. அதுதான் கொடுமை. செடியைப் புரட்டினேன். உதிராமல் காய்க்கழுத்தில் ஒட்டிக்கிடந்த பழைய பூவிதழ்கள் பழுப்பாகி ஊறிக் கிடந்தன. அங்கேதான் தொடக்கம். ஈர மண்ணைத் தொட்ட பழத்தில் தொட்ட பக்கத்திலிருந்து. இரண்டு பழம் உரசும் இடத்தில் உரசல் புள்ளியிலிருந்து. முதலில் வெளிர்ப்பழுப்புப் புள்ளி, பிறகு மெத்தென்று ஆவது, அதற்கும் பிறகுதான் சாம்பல் ரோமம். நாங்கள் மூன்றாவதை மட்டும் பார்த்துவிட்டு அதைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் ஒரு சந்தேகம் வந்து, பங்களாத் தோட்டத்துக்கு ஓடினேன். ரோஜாப் பாத்தியில் மொட்டுகள் விரியாமல் கழுத்து ஒடிந்து தொங்கின. அடிப்பக்கம் அதே ரோமம். ஜெரேனியம் இலைமேல் உதிர்ந்த இதழ் ஒட்டிய இடமெல்லாம் பழுப்பு வட்டம். எதற்குக் கீழே படர்ந்த ஸ்ட்ராபெரியைக் கூடை கூடையாக அள்ளிப் போனேனோ, அந்த ரோஜாதான்.

"இது எத்தன நாளாங்க இப்பிடி இருக்குது?" என்று தோட்டக்காரரிடம் கேட்டேன்.

"மஞ்சு எறங்குனா மொட்டு அழுவறது வருசா வருசம் உள்ளதுதானுங்க பாப்பா. வெயில் வந்தாச் செரியாப் போயிரும்."

எங்கள் பக்கத்துப் பேச்சில் அழுகுவதும் அழுவதும் ஒரே சொல்தான். அழுவுது. பூவா ஆளா என்று பார்த்துத்தான் பொருள் பிரிக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு இரண்டும் பிரியவில்லை.

நடுவில் பொங்கல் வந்து அலுவலகங்கள் மூடிவிட்டன. திறந்த முதல் நாள், அழுகிய பழங்களைப் பழைய டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு, ஏற்காட்டில் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போய் நின்றேன். அங்கிருந்தவர் மூடியைத் திறந்தார், உடனே மூடிவிட்டார்.

"சாம்பல் பூசணம். இங்க தொறக்காதீங்க, வெளிய என் செடி இருக்கு. எத்தன நாளாச்சு?"

சொன்னேன்.

"மருந்து பூக்கறப்ப அடிச்சிருக்கணும். இப்பப் பழத்து மேல அடிச்சு யாருக்குத் திங்கக் குடுப்பீங்க?"

"வேற ஒண்ணுமே இல்லீங்களா சார்?"

"அழுகினதெல்லாம் பொறுக்கி எடுத்துத் தூரமாப் பொதைங்க. தண்ணி மேல ஊத்தாதீங்க, வேர்ல விடுங்க, காலைல விடுங்க. ஒண்ணு விட்டு ஒண்ணு செடியப் புடுங்கிக் காத்து போக வழி பண்ணுங்க. நல்லா நாலு நாள் வெயிலடிச்சா நிக்கும்."

"வெயில் எப்ப சார் அடிக்கும்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே எதிர்ச்சுவர்கூடத் தெரியவில்லை. "அது நம்ம ஆபீஸ் இல்லீங்களே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எப்படிச் சொல்வது என்று நூறு விதமாக ஒத்திகை பார்த்தேன். போய் நின்றதும் எல்லாம் மறந்துபோய், "அக்கா, நான் தப்பாச் சொல்லிட்டேனுங்க்கா" என்று மட்டும் வந்தது.

அவர் பாத்தியில் குந்தியிருந்தார். "எது தப்பு?"

"சாம்பல்னது தப்பு. மருந்து தப்பு. நெருக்கி நட்டது தப்பு. அந்தக் கன்னு இருக்குதே, அது வந்த எடத்துலயே நோய் இருக்குதுங்க்கா. நாந்தான் கொண்டாந்துட்டேன்."

அவர் ஓர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சாயங்காலம் தண்ணி தெளிச்சது நாந்தான? அது தப்பில்லியா?" என்றார்.

"அதுவும்தானுங்க்கா."

"அப்ப நாலு உனக்கு, ஒண்ணு எனக்கு. சரி, எந்திரி. இப்ப என்ன பண்ணணும்?"

அவர் என்னைத் திட்டியிருந்தால் திட்டுக்குப் பதிலாக நானும் ஏதாவது பேசியிருப்பேன். இன்னும் என்னிடமே கேட்கிறார்!

எஸ்டேட்டில் பறிப்பு முடிந்து, அக்காவுக்குக் காலையிலும் நேரம் இருந்தது. பொறுக்கினோம். அழுகிய பழத்தை நேராகப் பறித்தால் புகை எழும்பும், அதனால் முதலில் ஈரத் துணியால் மூடி, துணியோடு சேர்த்துக் கிள்ளி, பைக்குள் விட்டு வாயைக் கட்டினோம். மூச்சை வேறு பக்கம் திரும்பி விட்டேன். ஒன்று விட்டு ஒன்று செடியைப் பிடுங்கினோம். பிடுங்கும்போது அக்கா ஒவ்வொரு செடியையும் ஒரு கணம் கையில் வைத்திருந்துவிட்டுப் பையில் போட்டார். காய்களுக்கு அடியில் காய்ந்த புல் பரப்பலாம் என்று தேடினோம். மலையில் காய்ந்த புல்லே இல்லை. வைக்கோல் கேட்டுப் போன வீட்டிலும் போர் நனைந்திருந்தது.

இன்றைக்குச் சுத்தமாகப் பொறுக்கி முடித்தால் நாளைக் காலை அதே அளவு இருக்கும். நேற்று நல்ல பழம் என்று விட்டுவைத்தது இன்று கன்னத்தில் புள்ளியோடு நிற்கும். ஒவ்வொரு நாளும் என் கண் கூர்மையானது. ரோமம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே, பூவிதழ் ஒட்டிய விதத்தைப் பார்த்தே, இது போகும், இது போகும் என்று சொல்ல முடிந்தது. சொன்னதெல்லாம் நடந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை. பொங்கலுக்குப் பழம் போய்ச் சேராததால் லாட்ஜிலிருந்து ஆள் வந்து, எட்டிப் பார்த்து, "அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன கண்ணு, இது பாட்டுக்கு நம்மளப் பாத்துச் சிரிக்குது" என்றார் அக்கா ஒரு நாள், பையின் வாயைக் கட்டிக்கொண்டே. கட்டி முடித்ததும் அதன்மேல் கையை வைத்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். "இந்தத் துண்டு போச்சுன்னா நான் ஊட்டு வாசல்ல எறங்குனா அடுத்தவங்க மண்ணு. ராயி போட ஒரு சாண் எடங்கூடக் கெடையாது." அதை என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

தை பாதிக்கு மேல் போனபின் வெயில் வந்தது. நல்ல வெயில். நான்கு நாளில் ரோமம் காய்ந்தது, அழுகல் நின்றது. மிச்சமிருந்த செடிகள் புது இலை விட்டு, வெள்ளையாகப் பூக்கவும் ஆரம்பித்தன. நான் தினமும் போய்ப் பூவைப் புரட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. இன்னும் ஒரு மாதம் கிடைத்தால் பழம் வந்துவிடும்.

தை முடிந்த மறுநாள் அண்ணன்காரர் வந்தார். தோளில் கடப்பாரை, கையில் முடிச்சுப் போட்ட நீளக் கயிறு.

நான் முந்திக்கொண்டேன். "அண்ணா, நோய் நின்னுருச்சுங்க. இங்க பாருங்க, எல்லாம் பூவுங்க. இன்னும் ஒரு மாசம் பொறுத்தீங்கன்னா..."

அவர் உண்மையிலேயே குனிந்து பார்த்தார். "பூவு நல்லாத்தான் இருக்குது அம்முணி. போன தடவையும் நல்லாத்தான் இருந்துச்சு." நிமிர்ந்தார். "அடுத்த மஞ்சுக்கு இது வராதுன்னு நீ சொல்லு. நான் கயித்தச் சுருட்டிக்கிட்டுப் போயிர்றேன்."

இதற்கு முன்னால் என்னிடம் எதைக் கேட்டாலும் பதில் இருந்தது. சாம்பல் என்றேன், சாம்பல் நோய் என்றேன், கவலையே வேண்டாம் என்றேன். இப்போது ஒரே ஒரு பொய் சொன்னால் போதும். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்ல முடியாதுங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். வெற்றி பெற்ற மாதிரி இல்லை. கோடை மழைக்கு முன்னால் குழியெடுத்து ஆறப்போட வேண்டும், காப்பி நாற்று பையில் முற்றிக்கொண்டிருக்கிறது என்று பொதுவாகச் சொன்னார். அப்புறம் கயிற்றின் ஒரு நுனியை அக்காவிடம் நீட்டினார்.

"இந்தத் தலைப்பைப் புடிம்மா. அந்தக் கடேசிக்குப் போ."

அக்கா வாங்கிக்கொண்டார். சேலையைச் செருகிக்கொண்டு, பூக்களை மிதிக்காமல் கால் பார்த்து வைத்து நடந்து, வாய்க்கால் ஓரம் போய்க் கயிற்றை மண்ணோடு அழுத்திப் பிடித்து உட்கார்ந்தார். இவர் இந்தப் பக்கம் இழுத்தார். கயிறு ஸ்ட்ராபெரிச் செடிகளின் மேல் விறைத்து நின்றது. ஒவ்வொரு முடிச்சுக்கும் கீழே ஒரு குழி வரும்.

"ஏம் அம்முணி, படிச்ச புள்ள, சும்மா நிக்காத. இப்பிடி வந்து ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாரு. கோணல் இருந்தாச் சொல்லு."

போய்க் குனிந்தேன். கயிறு நெடுகப் பார்த்தேன். அந்தக் கடைசியில் அக்கா தலையைத் தூக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

"நேராத்தான் இருக்குதுங்க" என்றேன்.